முதல் ஒப்படைப்புக்கு முன்



இணையவழிப் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டுத் தொடராமல் போகிறவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அமைப்பாளர்களிடம் சொன்னேன். "ஐயா, படித்து மேலே வந்தவர்களைப் பற்றிப் பேசினால் மாணவர்களுக்கு உற்சாகமாக இருக்குமே" என்றார் ஒருவர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் மேலே வந்தவர்களைப் பற்றிப் பேச விளம்பரப் பலகை இருக்கிறது, பட்டமளிப்பு விழா இருக்கிறது, நாளிதழில் முழுப்பக்கம் இருக்கிறது. விட்டுப்போனவருக்கென்று பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஒரு கோப்புகூட இருப்பதில்லை. அவர் விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரிசையில் நிற்பதில்லை. இந்த ஆண்டுப் பேரேட்டில் ஏறிய பெயர் அடுத்த ஆண்டுப் பேரேட்டில் இல்லை. அவ்வளவுதான்.

இவர்களை 'பாதியில் விட்டவர்கள்' என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். கணக்கை எடுத்துப் பார்த்தால் பாதிவரை வந்தவர்கள் குறைவு. பெரிய கசிவு தொடக்கத்திலேயே, முதல் சில வாரங்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களில் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஒரு மனிதர் தேடிப்போய்ப் பேசினால் அவர்களில் ஒரு பகுதியினரையாவது படிப்பில் நிற்கவைத்துவிட முடியும். அதற்கு ஆளில்லை, பணமில்லை என்று நாம் சொல்லிக்கொள்வது உண்மையல்ல. இதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது. மற்றவை எல்லாம் இதற்கான சான்றுகள்.

இந்தத் துறையில் மூத்த அனுபவம் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான ஹெரால்டு வில்சன் முன்வைத்த யோசனை. ஜென்னி லீ என்ற அமைச்சரின் பிடிவாதத்தால் உருப்பெற்ற நிறுவனம். 1969இல் அரச சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் ஏறத்தாழ 25,000 மாணவர்களோடு பாடத்தைத் தொடங்கியது. சேர்வதற்கு முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காத சுரங்கத் தொழிலாளியும் சேரலாம், மூன்று பிள்ளைகளின் தாயும் சேரலாம். பிபிசியில் விடியற்காலையிலும் நள்ளிரவிலும் பாடம் ஓடியது. வெளியுலகம் அந்தத் தொலைக்காட்சிப் பாடங்களைத்தான் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. உள்ளே இருந்தவர்களைக் கேட்டால் வேறொன்றைச் சொல்வார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். மாணவர் ஒப்படைப்பை எழுதி அனுப்புவார். ஆசிரியர் அதைத் திருத்தி, மதிப்பெண்ணுக்கு மேல் ஓரமெல்லாம் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார். பல்கலைக்கழகம் தன்னோடு பேசுகிறது என்பதை மாணவர் உணர்ந்த இடம் அந்தத் தாள்தான்.

அங்கே மாணவர் ஆதரவுப் பணியில் நெடுங்காலம் இருந்தவர் ஆர்மண்ட் சிம்ப்சன். தொலைநிலைக் கல்வியில் மாணவரைத் தக்கவைப்பது பற்றி 2003இல் தனி நூலே எழுதியவர். ஒரு பாடத்தில் சேர்ந்தவர்கள் கட்டம் கட்டமாக எங்கே உதிர்கிறார்கள் என்று அவர் படம் போட்டுப் பார்த்தார். புதிதாகச் சேர்ந்தவர்களில் 38 விழுக்காடு வரை முதல் ஒப்படைப்பை அனுப்புவதற்கு முன்பே காணாமல் போயிருந்தார்கள். தேர்வில் தோற்றவர்கள் அல்ல, தேர்வுவரை வராதவர்கள். பாடம் கடினமா, கேள்வித்தாள் நியாயமா என்ற விவாதமெல்லாம் இவர்கள் விஷயத்தில் எழவே இல்லை. பாடத்தை அவர்கள் ருசிகூடப் பார்க்கவில்லை.

அந்த வாரங்களில் என்ன நடக்கிறது? நம் ஊரிலிருந்தே ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட் பார்க்கும் இளைஞர். டிப்ளமோ முடித்தவர், பி.காம். இருந்தால் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று யாரோ சொல்ல, இணையவழியில் சேர்ந்துவிட்டார். கம்பெனி பஸ் இறக்கிவிடும்போது இரவு மணி 12. அறையில் நான்கு பேர், மூவர் தூங்குகிறார்கள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முதல் பாடத்தைத் திறக்கிறார். நாற்பது நிமிடக் காணொளி. ஆங்கிலம். பத்தாவது நிமிடத்தில் 'அக்ரூவல்' என்று ஒரு சொல் வருகிறது. பின்னால் போய்த் திரும்பக் கேட்கிறார். மறுபடியும் கேட்கிறார். யாரைக் கேட்பது? கலந்துரையாடல் பக்கத்தில் எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். அங்கே போய் 'எனக்கு இது புரியவில்லை' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். அடுத்த வாரம் இரண்டு வாரப் பாடம் சேர்ந்துவிட்டது. மூன்றாவது வாரம் ஒப்படைப்புக்குக் கெடு முடிகிறது. அதன்பிறகு அந்தத் தளத்தைத் திறப்பதற்கே மனம் வருவதில்லை. திறந்தால் சிவப்பு எழுத்தில் நிலுவை என்று இருக்கும். இதற்கிடையில் அவரை யாரும் 'என்னப்பா, ஆளைக் காணோம்' என்று கேட்கவில்லை.

இவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியுமா? படிப்பறிவு போதாதவர் என்றுதான் சொல்ல முடியுமா? மாணவர் ஏன் கல்லூரியை விடுகிறார் என்பதற்கு வின்சென்ட் டின்டோ என்ற ஆய்வாளர் 1975இல் ஒரு விளக்கம் தந்தார். வளாக வாழ்வோடு, நண்பர்களோடு, பாடங்களோடு எவ்வளவு ஒட்டுகிறாரோ அவ்வளவுக்கு நிற்பார் என்பது அதன் சாரம். விடுதியில் தங்கிப் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தும். பத்தாண்டுகள் கழித்து, 1985இல், ஜான் பீனும் பார்பரா மெட்ஸ்னரும் வேலைபார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து படிக்கிறவர்களை ஆராய்ந்தார்கள். இவர்களுக்கு வளாக நட்பைவிட வெளி நெருக்கடிகளே தீர்மானிக்கின்றன என்று கண்டார்கள்: வேலை நேரம், பணம், குடும்பப் பொறுப்பு, வீட்டில் யாராவது 'படி' என்று சொல்கிறார்களா என்பது. நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்த உண்மை. ஆனாலும் ஒருவர் விட்டுப்போனால் அவரிடம் குறை தேடுவதுதான் நமக்குப் பழக்கமாக இருக்கிறது.

நம் நாட்டுக்கு அஞ்சல்வழிக் கல்வி புதிதல்ல. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் 1970களிலிருந்து நடத்திவருகின்றன. இங்கிருக்கும் மூத்தவர்கள் சிலர் அதில் படித்தே பட்டம் வாங்கியிருப்பீர்கள். பழுப்பு உறையில் புத்தகம் வரும். சனி ஞாயிறுகளில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் தொடர்பு வகுப்பு நடக்கும். அந்த வகுப்புகளின் தரம் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் வகுப்பு விட்டதும் எதிரில் இருக்கும் டீக்கடையில் வேறொரு வகுப்பு நடந்தது. காவலர், ஆரம்பப்பள்ளி ஆசிரியை, மளிகைக்கடைக் கணக்கர் எல்லோரும் நின்று, யாரிடம் நோட்ஸ் இருக்கிறது, எந்தப் பாடத்தில் அரியர் விழும், கட்டணம் கட்டக் கடைசித் தேதி எது என்று பேசிக்கொள்வார்கள். அங்கேயே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வார்கள். பாதிப் பேரைத் தேர்வு அறைவரை இழுத்துச் சென்றது அந்த டீக்கடைதான் என்பது என் கணிப்பு. இணையவழிக் கல்வி பழுப்பு உறையைக் காணொளியாக மாற்றியது. தொடர்பு வகுப்பை நேரலையாக மாற்றியது. டீக்கடையை மட்டும் எடுத்துவிட்டது. மாணவர்களே வாட்ஸ்அப் குழு தொடங்கி அந்த இடத்தை ஓரளவு நிரப்பிக்கொள்கிறார்கள். குழுவில் சேர்ந்தவருக்குச் சரி. சேராதவர்தான் நம் கவலை.

இனித் தரவுகளுக்கு வருகிறேன். இணையவழியில் படிக்கிற மாணவர் எப்போது உள்ளே வந்தார், எதைத் திறந்தார், எத்தனை முறை சொடுக்கினார் என்பதெல்லாம் கணினியில் பதிவாகிறது. பழைய அஞ்சல்வழிக் கல்வியில் இதற்கு வழியே இல்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2013, 2014ஆம் ஆண்டு மாணவர் பதிவுகளை, அடையாளங்களை நீக்கி, 2017இல் ஆய்வாளர்களுக்குப் பொதுவில் வைத்தது. 32,593 பதிவுகள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொடுக்கு வரிகள். அதில் தேர்ச்சி 12,361. சிறப்புத் தேர்ச்சி 3,024. தோல்வி 7,052. விலகியவர்கள் 10,156. தோற்றவர்களைவிட விலகியவர்கள் அதிகம் என்பதைக் கவனியுங்கள். விலகியவர்களில் ஒரு பகுதியினர் பாடம் தொடங்கும் நாளுக்கு முன்பே போனவர்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு இத்தகைய தரவுகளிலிருந்து கண்டுபிடித்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. யார் குறைவாகச் சொடுக்குகிறார்கள் என்று பார்த்து அபாயத்தைக் கணிக்க முடியாது. சிலர் பாடத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு படிப்பார்கள். தளத்துக்கே அதிகம் வரமாட்டார்கள். நன்றாகத் தேர்ச்சியும் பெறுவார்கள். பார்க்க வேண்டியது, ஒருவர் தன் பழைய வழக்கத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறார் என்பதை. வாரம் மூன்று நாள் வந்தவர் திடீரென்று வருவதில்லை என்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. நல்ல வகுப்பாசிரியர் எப்போதுமே இப்படித்தான் பார்ப்பார். சத்தம் போடும் பையன் ஒருநாள் அமைதியாக உட்கார்ந்திருந்தால் கூப்பிட்டு விசாரிப்பார். அமைதியான பையனை விசாரிக்கமாட்டார்.

ஆனால் தரவு என்றதும் நம்மில் பலர் மயங்கிவிடுகிறோம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2007 வாக்கில் 'கோர்ஸ் சிக்னல்ஸ்' என்ற மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியது. சாலைச் சந்திப்பு விளக்குபோல மாணவருக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை காட்டும். இந்த விளக்குள்ள பாடங்கள் இரண்டு அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் கல்லூரியில் நீடித்த விகிதம் வெகுவாக உயர்ந்தது என்று சொல்லப்பட்டது. 21 விழுக்காடு என்ற எண் உலகமெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. 2013இல் மைக் கால்ஃபீல்டு என்ற கல்வியாளர் ஓர் எளிய கேள்வி கேட்டார்: விளக்கு இருந்ததால் மாணவர் நீடித்தாரா, நீடித்ததால் விளக்குள்ள பாடங்கள் அதிகம் எடுத்தாரா? முதல் பருவத்திலேயே போய்விட்டவர் இரண்டாவது பாடம் எடுப்பது எப்படி? ஆல்ஃப்ரெட் எஸ்ஸா என்பவர் இதையே கணினியில் செய்து காட்டினார். விளக்குக்குப் பதிலாக மாணவர்களுக்குக் கண்டபடி சாக்லேட் கொடுத்ததாக வைத்துக்கொண்டார். சாக்லேட் அதிகம் வாங்கியவர்களும் அதிகம் நீடித்ததாகவே கணக்கு வந்தது! நம் பல்கலைக்கழகங்களுக்கு மென்பொருள் விற்க வருகிறவர்களிடம் இந்தச் சாக்லேட் கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.

தானியங்கிக் குறுஞ்செய்திகளின் கதையும் ஏறக்குறைய அதுதான். 'எந்த நேரத்தில் படிப்பீர்கள் என்று திட்டம் எழுதுங்கள்' என்பது போன்ற சின்னத் தூண்டுதல்கள் சிறு ஆய்வுகளில் நல்ல பலன் தந்திருந்தன. ரெனே கிசில்செக்கும் உடனாய்வாளர்களும் அவற்றை 250 அளவிலான இணையப் பாடங்களில், இரண்டரை ஆண்டுகள், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் சில வாரங்களில் கொஞ்சம் பலன் தெரிந்தது; பிறகு கரைந்துவிட்டது. முந்தைய ஆய்வுகள் சொன்ன பலனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருந்தது. செலவே இல்லாத வழி, ஏறக்குறைய செலவுக்கேற்ற பலன்.

சரி, எதுதான் பலன் தந்தது? சிம்ப்சனின் சோதனைக்குத் திரும்புவோம். சேரும்போதே மாணவர் தரும் விவரங்களிலிருந்து, குறிப்பாக அவருடைய முந்தைய படிப்பிலிருந்து, யார் தொடர்வது கடினம் என்று ஓரளவு கணித்தார்கள். அந்தப் பட்டியலில் கீழே இருந்தவர்களுக்குப் பாடம் தொடங்குவதற்குச் சற்று முன்பு தொலைபேசியில் ஓர் அழைப்பு. பாடம் நடத்துவதற்காக அல்ல. ஊக்கம் சொல்ல, என்ன தடை என்று கேட்க. அழைக்கப்பட்டவர்களில் நீடித்தவர்கள், அழைக்கப்படாதவர்களைவிட நூற்றுக்கு நாலைந்து பேர் அதிகம். 2020இல் அதே பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தோதெயா ஹெரோதோட்டூவும் உடனாய்வாளர்களும் 630 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்து வெளியிட்ட ஆய்வும் அதே திசையில்தான் வந்தது. அபாயத்தில் இருப்பதாகக் கணிக்கப்பட்டவர்களை ஆதரவுக் குழுவினர் தொலைபேசி, குறுஞ்செய்தி, மின்னஞ்சல் வழியாகத் தொடர்புகொண்டபோது, தொடர்புகொள்ளப்படாத பிரிவைவிட அவர்கள் கூடுதலாக நீடித்தார்கள்.

நூற்றுக்கு நாலைந்துதானா என்று கேட்பீர்கள். பத்தாயிரம் பேரை அழைத்தால் அது நானூறு, ஐந்நூறு பேர். ஒரு நடுத்தரக் கல்லூரியின் ஓராண்டுச் சேர்க்கை. மற்ற தொண்ணூற்றைந்து பேரை அந்த அழைப்பு மாற்றிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை நேரத்தையும் வீட்டுச் சூழலையும் தொலைபேசியால் மாற்ற முடியாது.

அந்த அழைப்பில் அப்படி என்னதான் பேசுவார்கள்? மாணவர் உதவி அறை ஒன்றில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"வணக்கம்மா, பல்கலைக்கழகத்திலிருந்து பேசறேன். ஃபீஸ் கேட்டுக் கூப்பிடலை, பயப்படாதீங்க."

"சொல்லுங்க சார்."

"சேர்ந்து மூணு வாரம் ஆச்சு. உள்ளே போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல சார். ஓடிபி எங்க அண்ணன் நம்பருக்குப் போகுது. அவரு கோயம்புத்தூர்ல இருக்காரு. வேலை நேரத்துல கேட்டா திட்டுறாரு."

"அவ்வளவுதானா? உங்க நம்பரைச் சொல்லுங்க, இப்பவே மாத்திடலாம்."

நம்பர் மாறியது. அழைத்தவர் போனை வைக்கவில்லை. வேறென்ன சிரமம் என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "படிப்பை விட்டு எட்டு வருஷம் ஆச்சு சார். இனிமே வருமான்னு தெரியல."

"பிளஸ் டூவுல கணக்குப்பதிவியல்ல எவ்வளவும்மா?"

"இருநூறுக்கு நூத்தி அறுபத்தெட்டு."

"அப்ப வரும். முதல் அசைன்மென்ட்டுல அஞ்சு கேள்விதான். ரெண்டு எழுதி அனுப்புங்க, போதும். மிச்சத்தை அடுத்த வாரம் நான் கூப்பிடும்போது பேசிக்கலாம்."

ஓடிபி அண்ணன் எண்ணுக்குப் போகிறது என்பதை எந்தக் கணிப்பு மென்பொருளும் சொல்லியிருக்காது. அது 'இவர் உள்ளே வரவில்லை' என்று மட்டும் சொல்லும். ஏன் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள். அழைத்தவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. 'நேரத்தைத் திட்டமிடுங்கள், விடாமுயற்சி வேண்டும்' என்றெல்லாம் பேசவில்லை. ஒரு தடையை நீக்கினார், அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இருந்த ஒரு வெற்றியை நினைவூட்டினார், அடுத்து செய்ய வேண்டியதைச் சிறிதாக்கிக் கொடுத்தார்.

இதற்கெல்லாம் ஆள் எங்கே என்று நிர்வாகத்தினர் கேட்பார்கள். நான் ஒன்று கேட்கிறேன். இந்த அரங்கில் யாராவது ஏதாவது ஓர் இணையவழிப் பட்டத்தைப் பற்றிச் சும்மா விசாரித்து, உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் தெரியும். அரை மணி நேரத்தில் அழைப்பு வரும். எடுக்காவிட்டால் மறுநாள் வேறொரு எண்ணிலிருந்து வரும். உங்கள் பெயர், ஊர், படிப்பு எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, தமிழில், பொறுமையாக, 'சார், இன்னைக்குக் கட்டினா ஸ்காலர்ஷிப் உண்டு' என்று பேசுவார்கள். கட்டணம் கட்டிய நாளோடு அந்த அழைப்புகள் நின்றுவிடும். ஆகவே அழைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அறை இருக்கிறது, தொலைபேசி இருக்கிறது, அவர்களுக்குக் கொடுக்கச் சம்பளமும் இருக்கிறது. எல்லாம் சேர்க்கைக்கு முன்னால் இருக்கிறது. அதில் பாதியைச் சேர்க்கைக்குப் பின்னால் கொண்டுவந்து வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. வணிகக் கணக்குப்படியே பார்த்தாலும் நஷ்டமில்லை. நீடிக்கும் மாணவர் அடுத்த ஆண்டும் கட்டணம் கட்டுகிறார். புதிய மாணவரைப் பிடிக்க ஆகும் விளம்பரச் செலவு மிச்சமாகிறது. சிம்ப்சனே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அறத்தைச் சொல்லி இறங்கிவராத நிர்வாகங்கள் வரவு செலவைக் காட்டினால் இறங்கிவரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

யார் அழைப்பது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. பாட ஆசிரியரே அழைப்பதுதான் சிறப்பு. ஆனால் பிரிட்டனிலேயே, அபாயப் பட்டியலைத் திரையில் காட்டும் வசதி கொடுத்த பிறகும், ஆசிரியர்கள் அதைப் பயன்படுத்திய அளவு ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபட்டது. நன்றாகப் பயன்படுத்திய ஆசிரியர்களின் மாணவர்கள் மேலான முடிவு பெற்றார்கள். பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. நம் ஊரில் ஒப்பந்தச் சம்பளத்தில், ஒரே நேரத்தில் வளாக வகுப்பும் இணைய வகுப்பும் எடுக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் 'இவர்களையும் அழைத்துப் பேசுங்கள்' என்று சுற்றறிக்கை அனுப்பினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அழைப்பதும் பணிநேரத்தில் சேர வேண்டும். அதற்கு ஊதியம் வேண்டும். அவர் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றிவிட்டு மாணவர் நலன் என்று பெயர் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

கணிப்பில் ஆபத்தும் இருக்கிறது. யார் விட்டுப்போவார் என்று கணினி கணிக்கும்போது, ஏழை வட்டாரத்தவர், முதல் தலைமுறைப் பட்டதாரியாகப் போகிறவர், நெடுநாள் இடைவெளி விட்டு வந்தவர் ஆகியோரே பட்டியலின் அடியில் வருவார்கள். அந்தப் பட்டியலைச் சேர்க்கை மறுக்கப் பயன்படுத்தினால்? நம் ஊரில் சாதி விவரமும் அதில் கலந்தால்? பட்டியல் ஆசிரியர் கண்ணில் பட்டு, 'இவன் எப்படியும் தேறமாட்டான்' என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டால்? மாணவர் தரவை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2014இலேயே ஒரு நெறிமுறைக் கொள்கையை வெளியிட்டது. மென்பொருள் வாங்குவதற்கு முன்பே அப்படி ஒன்றை எழுதிக்கொள்வது நமக்கும் நல்லது. கூடுதல் உதவி கொடுப்பதற்கு மட்டுமே பட்டியல் என்று அதன் முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011இல் ஒரு சிறு உதவித்தொகையைத் தொடங்கியது. பட்டம் பெறும் நிலையில் இருக்கும் மாணவர்கள்கூடச் சில நூறு டாலர் நிலுவைக்காகப் பாடப்பதிவிலிருந்து நீக்கப்படுவதைப் பார்த்து, விண்ணப்பம் எதுவும் கேட்காமல், தகுதியானவரைப் பல்கலைக்கழகமே தேடி, நிலுவையைத் தீர்த்துவைத்தது. நேரடி வகுப்புப் பல்கலைக்கழகம்தான். என்றாலும் பாடம் நமக்கும் பொருந்தும். தேர்வுக் கட்டணம் கட்டாததால் ஹால் டிக்கெட் வராமல், அதோடு படிப்பையே விட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்தத் தொலைநிலைக் கல்வி மையத்து எழுத்தரைக் கேட்டாலும் பெருமூச்சுதான் பதில். இங்கே அறக்கட்டளை நிறுவும் வசதியுள்ள பெரியவர்கள் பலர் இருக்கிறீர்கள். பதக்கத்துக்கும் சொற்பொழிவுக்கும் நிதி வைப்பதுபோல இதற்கும் ஒரு நிதி வைக்கலாம். சொற்பொழிவாளனே இப்படிச் சொல்வது கொஞ்சம் விசித்திரம்தான்.

இடையில் நிறுத்துவது எல்லாமே தோல்வியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்தால், அப்பா படுத்துவிட்டால், படிப்பு கொஞ்ச நாள் நிற்கத்தான் செய்யும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை முடிக்க ஆறாண்டுகள் வரை தருவது அதற்காகத்தான். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் படிப்பில் அடித்தளம், டிப்ளமோ, பட்டம் என்று படிப்படியாக வெளியேறும் வாசல்கள் வைத்திருக்கிறார்கள். வாரந்தோறும் ஒப்படைப்பு, நேரில் எழுதும் தேர்வுகள், குடும்ப வருமானத்தை ஒட்டிய கட்டணச் சலுகை எல்லாம் உண்டு. நல்ல வடிவமைப்பு. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த மதிப்பெண் அலகு வங்கியும், படித்த அளவுக்குச் சேமித்து வைத்துப் பிறகு தொடரலாம் என்கிறது. ஆனால் வங்கியில் போட ஏதாவது இருந்தால்தானே? முதல் ஒப்படைப்புக்கு முன்பே போய்விட்டவரின் கணக்கில் இருப்பது பூஜ்யம். எத்தனை வாசல் வைத்தாலும் அவர் முற்றத்துக்கே வரவில்லை.

மொழி பற்றியும் சொல்லாமல் முடிக்க மனமில்லை. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு முதல் நான்கு வாரப் பாடத்தையாவது தமிழில் விளக்கும் காணொளி இருக்கிறதா என்று பாருங்கள். பட்டத்தை எந்த மொழியில் வேண்டுமானாலும் நடத்துங்கள். அந்த நான்கு வாரங்கள் மட்டும் அவர் மொழியில் இருக்கட்டும். இதற்குப் பெரிய மொழிபெயர்ப்புத் திட்டம் தேவையில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர், ஒரு கைபேசி, சில மாலை நேரங்கள்.

இணையவழிப் பட்டமும் நேரடிப் பட்டமும் இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. பட்டம் பெற்றவருக்கு அது நல்ல செய்தி. பட்டம்வரை வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதிலும் இரண்டும் இணையா என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. பல்கலைக்கழகங்கள் சேர்க்கை எண்ணிக்கையைப் பெருமையோடு அச்சிடுகின்றன. அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்களை அச்சிடச் சொல்லி இந்த அவையின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். சேர்ந்தவர்களில் முதல் ஒப்படைப்பை அனுப்பியவர்கள் எத்தனை பேர்? முதல் பருவத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? இரண்டும் உங்கள் கணினியில் இன்றே இருக்கின்றன. எடுப்பதற்குப் பத்து நிமிடம் போதும். வரும் கல்வியாண்டின் விளக்கக் கையேட்டில், கட்டணப் பட்டியலுக்கு முந்தைய பக்கத்தில், அவற்றைப் போடுங்கள்.